ஓசூரில் ஒரு குரங்கும் முதலையும்

காலை ஒன்பது மணிக்குச் சாமல்பட்டியில் பஸ் ஏறினேன். ஓசூரில் இருக்கும் தங்கை மஞ்சுளாவின் மகள் ஹரிணியை எங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவைக்க அழைத்துவரப் போகிறேன். ஓசூருக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆகியும் அந்த ஏழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வெளியே வாய் திறப்பதில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியில் வண்டி மாறினேன். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். பக்கத்துச் சீட்டு அம்மாள் போனில் தெலுங்கு பேசினார், கண்டக்டரிடம் தமிழில் சில்லறை கேட்டார், பின்சீட்டுக்காரரைக் கன்னடத்தில் ஜன்னல் சாத்தச் சொன்னார். பிள்ளை வாயடைத்துப் போனதில் அதிசயமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி. மஞ்சுளாவின் எதிர்வீட்டு லட்சுமி மாடியில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு நடத்துகிறார்; ஹரிணியோடு நாங்களும் போய் உட்கார்ந்தோம். முந்தின நாள் கேட்ட கதையை மறுநாள் அவரவர் இஷ்டப்படி திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த மொழியும் கலக்கலாம். அன்று குரங்கும் முதலையும். சின்ன வயதில் மஞ்சுளாவும் நானும் ஒரே போர்வைக்குள் சொன்ன கதை. அவள் முதலை, நான் குரங்கு. இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேன் என்றதும் நிஜமென்று நம்பி அழுவாள். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏக்கமாக இருந்தது.

ஹரிணியின் முறை வந்தது. வெகுநேரம் தரையையே பார்த்தாள். மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் இதயம் கம்பெனி கேட்டுல இருக்குன்னு கொரங்கு சொல்லுச்சு. செக்யூரிட்டி வாங்கி வெச்சுக்கிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அங்கே எல்லா அப்பாக்களும் கம்பெனி கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

"டோக்கன் குடுத்தாங்களா?" என்றது ஒரு பிள்ளை.

"குடுத்தாங்க. ஷிப்ட் முடிஞ்சாத்தான் தருவாங்க. அதுவரைக்கும் முதலை வெளியவே நிக்கட்டும்!"

பிறகு ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். ஹரிணி விடாமல் பதில் சொன்னாள், நடுவே கன்னடம்கூட வந்தது. எங்கள் குரங்குக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருந்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மஞ்சுளா தயங்கினாள். "அக்கா, இவ இங்கியே இருக்கட்டும்க்கா. கோவிச்சுக்காத."

"கோவிக்க என்னடி இருக்கு?" என்றேன். ஹரிணியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

மறுநாள் சாமல்பட்டியில் இறங்கியபோது வீட்டுக்காரர் பைக்கோடு நின்றிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ள எங்க?"

"ஓசூர்ல பேசிக்கிட்டிருக்கா" என்றேன்.