நாவலில் இல்லாத நாய்

உலகத்தில் இதுவரை பிறந்த வாசகர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் மேடத்தை மட்டும் உட்கார வைத்தால், மேடத்தின் தட்டு தரையில் மோதித் தளம் பெயர்ந்துவிடும். உடல் எடையைச் சொல்லவில்லை. அவர் காற்றடித்தால் குடையோடு போகிற ஆள். முதலாண்டு மாணவர்களின் வலைப்பூக்களை முதல் வரி முதல் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே உயிர் அவர்தான். எழுதியவர்களே படித்ததில்லை.

மேடம் கல்லூரியில் இலக்கியம் நடத்துபவர். நிரந்தர வேலை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆண்டும் சோறு. வலைப்பூ அவருடைய யோசனை. வாரம் ஒரு பதிவு, கூடப் படிக்கிற இரண்டு பேருக்குக் கருத்து. பையன்கள் அதற்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் கண்டுபிடித்தார்கள். நீ எனக்கு ‘அருமை’ போடு, நான் உனக்கு ‘மிக அருமை’ போடுகிறேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் வெறும் கட்டைவிரல் படம்தான் மிஞ்சியது.

அதையும் மேடம் படித்தார். வீட்டுக்குப் போகும் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கைப்பேசியில் கட்டைவிரல்களைத் தள்ளித் தள்ளி. இறங்கும்போது கண் எரியும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நிற்பார்.

“உள்ள வரலாம். இதுவும் உன் வீடுதான்” என்பார் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுதும் அடுத்தவர் ஓட்ட, இவர் பிரேக்கில் கால் வைத்திருப்பார். வீட்டில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சண்டையெல்லாம் இல்லை, இரண்டு பேருக்கும் பகலிலேயே வாய் தீர்ந்துவிடும்.

ஒருநாள் துறைத்தலைவர் வகுப்புக்குள் வந்தார். மேடம் பக்கத்தில் நிற்கும்போதே மாணவர்களைப் பார்த்துப் பேசினார்.

“இந்த வாரம் உங்க பிளாக் எல்லாத்தையும் நானே பாக்கப் போறேன். அதுல உயிர் இருந்தா வெச்சுக்கலாம். இல்லேன்னா பழையபடி அசைன்மெண்ட். அதைத் திருத்த இங்க நிரந்தரமா இருக்கறவங்களே போதும், வெளி ஆள் வேண்டாம்.”

வெளி ஆள் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரத்துப் பாடம் ஒரு நாவல். படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் தம்பி, அதே துறையில் மூட்டை தூக்கும் அண்ணன். இருவரும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று எழுத வேண்டும். பதில் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் யாரிடமோ வம்பளந்துகொண்டே மாணவர்களுக்கு நகலெடுத்ததில் ஏழாம் அத்தியாயம் முழுசாக விட்டுப் போயிருந்தது. ஆறில் நன்றாக நடந்துபோகிற அண்ணன் எட்டில் நொண்டிக்கொண்டு வருகிறான். வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முதலில் ஆறு வரைக்கும் வந்திருக்க வேண்டுமே.

வாரக் கடைசியில் மேடம் பேருந்தில் கைப்பேசியைத் திறந்தார். கட்டைவிரல்களைக் காணோம். பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அண்ணன் ஒரு செம்பட்டை நாய் வளர்த்தானாம். துறையில் அவனுக்காகக் காத்திருக்குமாம். சீட்டு இல்லை என்று தம்பி அதைப் படகிலிருந்து இறக்கிவிட, அது பின்னாலேயே நீந்தி வந்து மூழ்கிவிட்டதாம். காப்பாற்றக் குதித்ததில்தான் அண்ணனுக்குக் கால் போனதாம். ஒரு பெண் நாய்க்குக் கவிதையே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒருவன், ‘எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. பேச முடியல’ என்று எழுதியிருந்தான். ‘அருமை’ என்று ஒருத்தரும் போடவில்லை.

மேடம் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

நடந்து வீடு வந்தவர் செருப்போடு உள்ளே போய் அலமாரியில் நாவலைத் தேடினார்.

“ஏங்க, வருஷா வருஷம் நடத்துற நாவல்ல ஒரு நாயை மறந்திருப்பேனா?”

“போன வாரம் கேஸை அணைக்க மறந்த. நாயெல்லாம் சின்ன உருப்படி.”

“வெளாடாதீங்க. நிஜமாவே பயமா இருக்கு.”

கணவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழாம் அத்தியாயத்தை இருவருமாகப் புரட்டினார்கள். ஈரப் படியில் அண்ணன் மூட்டையோடு வழுக்கி விழுகிறான். சீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து பார்த்த தம்பிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவ்வளவுதான். நாய் இல்லை, பூனை இல்லை, ஒரு காக்கை கூட இல்லை.

“நாய் இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார் கணவர். மேடத்துக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பிறகு எல்லாப் பதிவுகளையும் மறுபடி படித்தார். வரிகளை இணையத்தில் தேடிப் பார்த்ததில், ஒருத்தனைத் தவிர எல்லோரும் புதிதாக முளைத்திருந்த ‘நாவல் சுருக்கம்’ என்ற வலைப்பூவிலிருந்து எடுத்திருந்தார்கள். வகுப்பில் நாய்க்கு அழாதவன் அவன் மட்டும்தான்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் மேடத்தின் வேலையைப் புதுப்பிக்க வேண்டிய தாள் தயாராக இருந்தது.

“படிச்சேன் மேடம். பசங்க கலக்கிட்டாங்க. அந்த நாய் சாகுற இடம் இருக்கே, நான் படிச்ச காலத்துலயே என்னால தாங்க முடியல.”

மேடம் தலையாட்டியிருக்கலாம். தலை ஆடுவதற்குத் தயாராகத்தான் இருந்தது. வேலையும் போகாது, பேச்சும் வளராது. ஆனால் படியில் விழுந்து கிடக்கும் அண்ணனை நினைத்தார். நாய் உள்ளே வந்துவிட்டால் அவன் விழுந்ததை இனி ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

“சார், அந்த நாவல்ல நாயே கிடையாது.”

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

“அப்ப நான் படிச்சது வேற நாவலா இருக்கும்.”

“இருக்கும் சார்.”

“படிக்காம எழுதுறதெல்லாம் இப்ப எங்கதான் இல்ல” என்றபடி பேனாவைத் திறந்தார். “பிளாக் இருக்கட்டும். இந்த நாய் விஷயம் இந்த ரூமைத் தாண்ட வேணாம்.”

வகுப்பில் மேடம் ஏழாம் அத்தியாயத்தைத் தானே வாசித்துக் காட்டினார். முடித்ததும் கவிதை எழுதிய பெண் கேட்டாள்.

“அப்ப நான் அழுதது மேடம்?”

“அது உன்னோடது. நல்லாத்தான் அழுதிருக்க. இனி அண்ணனுக்காக அழ முடியுதான்னு பாரு.”

மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போனார்கள். வாய் திறந்தாலே கதை விடுவான் என்பதால் ‘கரடி’ என்று பேர் வாங்கிய பையன் மட்டும் பையை மெதுவாக மூடிக்கொண்டிருந்தான். பள்ளியில் பாதி நாள் தண்டனையாக வகுப்புக்கு வெளியில் நின்றே படித்தவன். மேடம் அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நிற்க முடியவில்லை.

“நீ மட்டும் நாயைப் பத்தி ஒரு வரி எழுதல.”

“எனக்கு நாய்னாலே ஆகாது மேடம். தும்மல் வரும்.”

“சரிதான்.” மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இருந்தாலும் அந்தச் சுருக்கத்துல எனக்கு ஒரு குறை. அவ்வளவு பாடு பட்ட நாய்க்கு ஒரு பேர் வெச்சிருக்கலாம்.”

“வெச்சிருந்தேன் மேடம். பேர் இருந்தா ரொம்ப அழுவாங்கன்னுதான் எடுத்துட்டேன்” என்றான் கரடி.

பையின் ஜிப் பாதியில் நின்றது. மேடம் எழுந்திருக்கவில்லை.

“சொல்லு, என்ன பேர்?” என்றார்.