விருத்தாசலத்தில் மரிசெலின் கட்டைவிரல்

சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு எழும்பூரில் ரயில் ஏறினோம். நான், எட்டு மாத மகன் முகில், என் ஓரகத்தி மரிசெல். விருத்தாசலத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மரிசெல் பிலிப்பைன்ஸில் பட்டங்காஸ் ஊர்க்காரி. சிங்கப்பூரில் என் கொழுந்தனைக் கல்யாணம் செய்துகொண்டவள், மாமியார் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறாள். கொழுந்தனுக்கு விடுப்பு செவ்வாய்க்கிழமைதான் தொடங்குகிறது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

கைக்குழந்தையோடு இந்த வெயிலில் கிளம்பியது சரிதானா என்று செங்கல்பட்டு வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மரிசெல் ஜன்னலைத் தட்டி "பிந்தானா" என்றாள். முன்னாலிருந்த மடக்குப் பலகையை "மேசா" என்றாள். எங்களுக்கும் மேசைதான் என்றேன். நமக்குப் போர்த்துகீசியர் கொடுத்தது, அவர்களுக்கு ஸ்பானியர். முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆண்டவர்கள் மணிக்கணக்கையும் விட்டுப் போயிருக்கிறார்கள். சொந்த எண்கள் இருந்தும் கடிகாரத்துக்கு ஸ்பானிய எண்கள்தான். விழுப்புரத்தில் கைக்கடிகாரத்தைக் காட்டி "அலாஸ் குவாத்ரோ" என்றாள். நாலு மணி.

முகில் சிரிக்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்று உண்டு: "எவ்வளவு அழகு! புவேரா ஊசோக்." ஊசோக் அவர்களுடைய சொந்தச் சொல், கண்ணேறு. புவேரா ஸ்பானியச் சொல், வெளியே போ என்று பொருள். சென்னையில் எங்கள் வீட்டில் அவள் தங்கியிருந்த ஒரு வாரமும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விழுப்புரம் தாண்டியதும் முகிலின் கழுத்து சுட்டது.

நாலரைக்கு விருத்தாசலம் சந்திப்பு. குழந்தை டாக்டரிடம் போய்விட்டு வீட்டுக்குப் போக வேண்டும், எவ்வளவு என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"நூத்தம்பது குடுங்க. புள்ளைக்கு ஜுரமா? மொதல்ல ஏறுங்க." கண்ணாடியில் மரிசெலைப் பார்த்தார். "இவங்க மணிப்பூருங்களா?"

"எங்க வூட்டு மருமகளுங்க," என்றேன்.

தொண்டை சிவந்திருக்கிறது என்று டாக்டரம்மா மருந்து எழுதி, முதல் வேளையை அங்கேயே கொடுக்கச் சொன்னார். "பால் குடிக்காம சோர்ந்து போனா, ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு வந்துடுங்க." அந்த வாக்கியம் வழியெல்லாம் கூடவே வந்தது.

மாமியார் வீடு செராமிக் ஷெட்டுகளுக்குப் பின்தெரு. பக்கத்து ஷெட் வாசலில் சுடாத அகல் விளக்குகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தெருவெல்லாம் வெள்ளைக் களிமண் தூசி. இந்தத் தூசிக்கா தூக்கி வந்தேன் என்று முகில் முகத்தைத் துண்டால் மூடினேன். மூச்சு முட்டுமோ என்று உடனே விலக்கினேன்.

முகிலைக் கட்டிலில் போட்டு மரிசெலைக் காவல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா யாரு கையில இருந்தான் புள்ள?"

"மரிசெல்கிட்டதான் அத்தை."

"கல்யாணமாயி நாலு வருசம், இன்னும் ஒண்ணும் தங்கல. பாத்துப் பாத்து ஏங்கியிருப்பா. வேணும்னு செய்யல, பாவம். அவளுக்குத் தெரிய வேணாம்."

ரயிலில் எனக்கே அந்த நினைப்பு ஒருமுறை வந்து போயிருந்தது.

நிலைப்படியில் மரிசெல் நின்றிருந்தாள், தோளில் முகில். அவளுடைய சிங்கப்பூர்த் தமிழில் கண் என்ற சொல் இருந்தது.

"அக்கா, என் கண்ணா?"

இல்லை, சும்மா ஒரு சடங்கு என்றேன். அவள் நம்பவில்லை. ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்து தள்ளினாள். என் கண் என்றால் என்னை ஏன் கூப்பிடவில்லை? குழந்தை சுடுகிறது, நீங்கள் இங்கே நின்று கிசுகிசுக்கிறீர்களே. அவள் ஊரில் யார் புகழ்ந்தார்களோ அவரையே தெருவிலிருந்து அழைத்து வருவார்களாம். அவர் கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் குழந்தையின் வயிற்றிலோ காலிலோ வைப்பார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. கூப்பிட்டும் வராமல் இருப்பதுதான் தப்பு.

"என்னவாம்?" என்றார் அத்தை.

ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். மிளகாய் இருந்த கை அப்படியே நின்றது.

"அடிப்பாவி, அவகிட்டயே சொல்லிட்டியா?"

"அவளே கேட்டுட்டா அத்தை."

"எச்சியா? காய்ச்சப் புள்ள மேலயா?"

என் பயமும் அதேதான். தொற்று, கிருமி என்று படித்ததெல்லாம் வரிசையாக வந்தது. ஆனால் வேண்டாம் என்றால், இந்தக் காய்ச்சலை அவள் ஆயுசுக்கும் தன் கணக்கில் வைத்துக்கொள்வாள்.

"கால்ல மட்டும். அப்புறம் தொடச்சிடுவேன்," என்றேன்.

அவள் முகிலை என்னிடம் கொடுத்துவிட்டு முட்டிபோட்டாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு உள்ளங்காலில் அழுத்தினாள். முகில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அத்தை மிளகாயைக் கீழே வைத்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

"காலையில வீடியோவுல பாத்துட்டு, என் ராசா எப்புடி உருண்டு கெடக்கான்னு நாந்தானே சொன்னேன்? நவுரும்மா."

இன்னொரு காலில் அவருடைய கட்டைவிரல்.

ஈரத்துணியும் தெர்மாமீட்டருமாக மூவரும் கட்டிலைச் சுற்றியே இருந்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முகிலுக்கு வியர்த்தது, பால் குடித்தான். மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. இறக்கியது மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நாம் ஆளுக்குத் தெரியாமல் கண்ணைக் கழித்துவிட்டு, அந்த ஆளையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம். அங்கே கண்ணை வெளியே போகச் சொல்லி, ஆளை உள்ளே அழைக்கிறார்கள்.

ஆனாலும் ஞாயிறு முழுக்க மரிசெல் முகிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சிரித்தால் வேறு பக்கம் பார்த்தாள். சாயங்காலம் நானும் முகிலும் சென்னைக்குக் கிளம்ப ஆட்டோ வந்து நின்றபோதும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அத்தை அவளைத் தோளால் இடித்தார்.

"ஏம்மா, பேரன் கெளம்புறான், வாய மூடிக்கிட்டு நிக்கிற? அழகா இல்லையா எம்புள்ள?"