கடைசி போல்ட்

2012 ஆகஸ்ட் 12, ஞாயிறு. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், செய்தித்தாள் படித்தேன், பழைய காரைத் துடைத்தேன். நிறைமாத மகளைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அந்தக் கார்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் மேல்மூடியில் கசிந்த ஆயில், சூடான சைலன்சர் குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

ஒரகடம் கார் கம்பெனியில் வேலை செய்யும் என் மச்சான் வந்து, மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றினான். கம்பெனியில் அவன் போல்ட் முடுக்குவது காற்றழுத்தத்தில் ஓடும் 'கன்' என்ற கருவியால். இறுக்கம் போதுமானதும் அது தானாக நின்றுவிடும். இங்கே வெறும் ஸ்பேனர்.

"போதும்டா."

"இன்னா மாமா, நாள் பூரா போல்ட்தான் போட்டுக்கினு கீறேன். எனக்கே சொல்றீங்களே!" என்று சிரித்தான்.

கடைசி போல்ட்டில் டக்கென்று சத்தம் கேட்டது. பிறகு ஸ்பேனர் வெறுமனே சுற்றியது. மூடியை இறுக்கிப் பிடிக்கும் மரை தேய்ந்துவிட்டது. அவன் சிரிப்பு நின்றது.

"ஒண்ணும் ஆவாது மாமா," என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

மாலையில் இன்ஜினை ஓட விட்டேன். முன்னைவிட அடர்த்தியாகப் புகை வந்தது. உள்ளேயிருந்து மகள், "அப்பா, இடுப்பு லேசா இழுக்குது," என்றாள்.

இரவே அந்த வலி அடங்கிவிட்டாலும், மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, அடுத்த தெருவில் வாடகைக் கார் ஓட்டுபவரின் கதவைத் தட்டி, பிரசவம் முடியும்வரை வெளியூர்ச் சவாரி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.