எங்கள் கலையரங்கத்து அடிக்கல் இடம் மாறிய விதம்

மூன்று பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பறை கட்டினேன். சந்தையில் மீன் விற்கிற சீமெந்து மேடைகள் கட்டினேன். இன்றைக்கும் அவற்றில் ஒரு வெடிப்பில்லை. தபாற்கந்தோருக்கு மதில், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்த் தொட்டி, சுடலைக்கு மடம். கிணறுகள் எத்தனையென்று எனக்கே தெரியாது. பண்டத்தரிப்பிலிருந்து சாவகச்சேரி வரை வஸ்ஸில் போகிறவர் என் கைபட்ட சுவர் ஒன்றையாவது பார்க்காமல் போக முடியாது. இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

எங்களுடையது கடலோடிக் குடும்பம். என்னையும் தோணியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏறியது முதல் இறங்கும்வரை வாந்தி. கரையில் இறக்கிவிட்டு என் மாமன் சொன்னார்: "உவனை எங்கையாவது மண்ணிலை கொண்டுபோய் நடுங்கோ. முளைச்சாலும் முளைப்பான்." முளைத்தேன். மேசன்மாருக்குச் சாந்து குழைத்து, கல் சுமந்து, கரண்டி பிடித்து, கடைசியில் என் பெயரிலேயே கட்டிட வேலைக்குக் கொந்தராத்து எடுக்கிற அளவுக்கு வந்தேன்.

கட்டியவற்றில் பெரியது எங்கள் பட்டணத்துக் கலையரங்கம். மேடையும் மண்டபமும் பக்கத்தில் வாசிகசாலையும் சேர்ந்த கட்டிடம். இப்போது அதற்கு மேல்மாடி எழும்புகிறது. சுவரில் பதிக்கப் புதிய பெயர்க்கல் வெட்டுவிக்கிறார்கள். அதில் போடப்போகிற பெயர்களைக் கேட்டறிந்தேன். என் பெயர் இல்லை. ஆனால் திறப்புவிழா மலருக்கு நினைவுக் கட்டுரை மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். எனக்குரியதையும் கேட்பேன். அதற்கு முன் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில், பீப்பாக்களின் மேல் பலகை அடுக்கிக் கூட்டமேடை கட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த மேடையில் நின்றுதான் முதல்முதலாக ஒருவர் எங்கள் பட்டணத்துக்கு மண்டபம் தருவதாகச் சொன்னார். அறுபதில் இரண்டு தரம் தேர்தல் வந்தது. இரண்டு தரமும் ஒலிபெருக்கியில் மண்டபம் வந்தது. அறுபத்தைந்தில் ஒருவர் சுழலும் மேடையே தருவதாகச் சொன்னார். கூட்டத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது: "அண்ணை, அது சுழல வேண்டாம். நிண்டாலே காணும்!" பேச்சாளரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

எழுபதில் வந்தவர் ஓர் அப்புக்காத்து. கோட்டில் வழக்குப் பேசுகிறவர்தான், ஆனால் மேடையில் அதிகம் பேசமாட்டார். "பெரிய மண்டபம் எண்டு நான் சொல்லமாட்டன். மழைக்கு நனையாமல் இருந்து ஒரு நாடகம் பாக்க உங்களுக்கு ஒரு இடம் வேணும். அதைக் கட்டித் தருவன்" என்றார். பணம் எங்கேயிருந்து வரும் என்று யாரோ கேட்டபோது, "அது எனக்கும் இன்னும் தெரியாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவருக்கு வாக்குப் போட்டேன். வென்றார்.

வென்ற சில மாதங்களில், நல்ல கோடை வெயிலில், அடிக்கல் நாட்ட வந்தார். காணி பட்டினசபையுடையது. வடகிழக்கு மூலை மேடு. அங்கே முள்ளுப்பற்றை, நிழலில்லை. தென்மேற்குப் பக்கம் பள்ளம். அங்கே பெரிய வாகை மரம், கார் வந்து நிற்கவும் வசதி. மண்டபம் கட்டவென்று கூட்டிய சபையின் தலைவர் நிழலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பந்தலை வாகை மரத்தடியில் போடுவித்தார். சாந்துச் சட்டியோடு நின்ற நான் அவருடைய காதருகில் போனேன்.

"ஐயா, இது மாரித் தண்ணி ஓடுற வாய். குளம் நிரம்பினால் வெள்ளம் இதாலைதான் கடலுக்குப் போகும்."

"நீ சாந்தைக் குழை, காணும். நல்ல நேரம் போகுது."

குழைத்தேன். நவதானியமும் செப்புக்காசும் போட்டு, ஐயர் மந்திரம் சொல்ல, கல் பள்ளத்தில் இறங்கியது.

பிறகு நாலைந்து வருடம் அந்தக் கல்லில் ஆடு கட்டினார்கள். தலைவரும் அப்புக்காத்தரும் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு ஏறி இறங்கிய படிகள் அவர்களுக்குத்தான் தெரியும். எம்.பி.மாருக்குத் தங்கள் தொகுதி வேலைகளுக்கென்று பணம் ஒதுக்குகிற முறை வந்ததும், அவர் வேறெதையும் யோசிக்காமல் எங்கள் மண்டபத்துக்கு ஒதுக்கினார். ஒரு நிபந்தனை இருந்தது. வருட முடிவுக்குள் வேலை முடியவேண்டும். முடியாவிட்டால் பணம் கொழும்புக்குத் திரும்பிவிடும். கொந்தராத்து என் கைக்கு வந்தபோது புரட்டாதி பிறந்துவிட்டது.

வேலையை மேற்பார்க்க வந்த அரசாங்க ஓவசியர் கட்டிடப் படத்தை விரித்தார். கல் எங்கேயோ அங்கேயிருந்துதான் கட்டிடம் தொடங்கியது. கல்லுக்கு ஏற்றபடி படம் கீறியிருந்தார்கள்! அத்திவாரம் குறிக்க நான் கயிறு பிடிக்கவில்லை.

"ஐயா, மண்டபத்தை மேட்டுக்குக் கொண்டுபோவம். இதிலை கட்டினால் மாரிக்குச் சனம் தோணியிலைதான் நாடகம் பாக்க வரவேணும்."

ஓவசியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "கல்லு இஞ்சை கிடக்கேக்கை நான் எப்பிடி அங்கை கட்டச் சொல்லுறது? தலைவரைக் கேளும்."

தலைவரைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன விசரோ? பூசை செய்து வைச்ச கல்லை எடுத்தால் ஊருக்கு ஆகாது. அதோடை, எம்.பி.யின்ரை கல்லைப் புடுங்கினது நாங்கள் எண்டு பேர் வரும். கட்ட ஏலாட்டில் சொல்லு, கட்டுறதுக்கு ஆள் இருக்கு."

ஆள் இருந்தது உண்மை. நான் விட்டால் இன்னொருவன் அடுத்தநாளே பள்ளத்தில் அத்திவாரம் வெட்டியிருப்பான். விடாவிட்டால் நாள் போகிறது, பணம் திரும்பிப் போகிறது. இருபது வருடம் வாயால் கட்டிய மண்டபம் தண்ணீரில் நிற்கும், அல்லது வராமலே போகும். இரண்டு வழியிலும் பழி என் தலையில்தான்.

மனைவியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே, "கல்லை வைச்ச ஆளிட்டைப் போய்ச் சொல்லாமல் எனக்கேன் சொல்லுறியள்?" என்றாள். மூன்றாம் வகுப்பைத் தாண்டிய மூளை எங்கள் வீட்டில் அவளுக்குத்தான். அவளுக்கும் இதில் நன்றி எழுதிவிடுகிறேன்.

சைக்கிளில் அப்புக்காத்தர் வீட்டுக்குப் போனேன். வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் இருந்தார். முழுவதையும் கேட்டார்.

"நான் கல்லு வைக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"தலைவரிட்டைச் சொன்னனான், ஐயா."

"என்னட்டை?"

"மாலையோடை நிண்ட ஆளிட்டை எப்பிடி ஐயா சொல்லுறது?"

சிரித்தார். பிறகு கையிலிருந்த வழக்குக் கட்டை மூடிவைத்தார். "நீர் சொல்லுறது சரியோ எண்டு எனக்குத் தெரியாது. நான் கண்ணாலை பாக்கவேணும். மழை பெய்யேக்கை ஆள் அனுப்பும். வாறன்."

அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்த்தபடி இருந்தேன். மழை வேண்டிய தோட்டக்காரனுக்குக்கூட அவ்வளவு அவதி இருந்திராது. அதற்குள் மேட்டில் பற்றையை வெட்டி, என் சொந்தச் செலவில் கல்லும் மண்ணும் இறக்கி வைத்தேன். தலைவர் பார்த்தும் பாராதவர்போல் போனார். ஐப்பசி நடுவில் ஒருநாள் விடிய இருண்டது. மத்தியானம்வரை கொட்டியது. ஆள் அனுப்பினேன்.

வந்தார். செருப்பைக் காரிலேயே விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பள்ளத்துக்குள் இறங்கினார். கல் தெரியவில்லை. காலால் தடவித் தேடித்தான் கண்டுபிடித்தார். அதன்மேல் ஏறி நின்றார். அப்படியும் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இழுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்துச் சந்தையில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.

தலைவர் குடையோடு ஓடிவந்தார். "ஐயா, கல்லை அசைச்சால் மற்றப் பக்கத்தார் விடமாட்டாங்கள். 'அப்புக்காத்தற்றை கல்லு புடுங்குப்பட்டுது' எண்டு நோட்டீஸ் அடிப்பாங்கள்."

"அடிக்கட்டும். இதிலை கட்டினால் அவங்கள் அடிக்கத் தேவையில்லை, வெள்ளமே அடிக்கும்." பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வைச்சவன் நான். எடுக்கிறதும் நான். மேசன், அலவாங்கைக் கொண்டாரும்."

கல்லை நெம்புகிற அந்த இரும்புக் கம்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலவாங்கு பிடித்துப் பழக்கமில்லாத கை. இரண்டு தரம் சறுக்கியது. மீன் விற்கிற பெண் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "ஐயா, நீங்கள் வேலை செய்யிறதை இண்டைக்குத்தான் பாக்கிறம்!"

"வடிவாப் பாருங்கோ அக்கா. அடுத்த தேர்தலிலை சாட்சி சொல்ல வேணும்."

கல் கிளம்பியது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். மேட்டுவரை தூக்கிக்கொண்டு போனோம். அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் சேறு. வடகிழக்கு மூலையில் நான் காட்டிய இடத்தில் வைத்தார். ஐயர் குடைக்குக் கீழே நின்று மந்திரம் சொன்னார், தட்சிணை கேட்கவில்லை. படம் பிடிக்க யாரும் இல்லை. எத்தனையோ அரசியல்வாதிகளுக்கு மேடை கட்டியிருக்கிறேன். தான் பிழை விட்டதைச் சனத்துக்கு முன்னால் திருத்திய ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன். அவர் இருக்கும் திசையை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

மிச்சமிருந்த வாரங்களில் பட்டணமே எனக்குக் கூலியாளாக வந்தது. ஓவசியர் புதுப்படம் கீறி, தானே கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவந்தார். கரையிலிருந்து என் சொந்தக்காரர் வண்டியில் மண் கொண்டுவந்து பறித்தார்கள், சதம் வாங்கவில்லை. குருநகரிலிருந்து இரண்டு மேசன்மார் வந்து என் வீட்டிலேயே தங்கிக் கட்டினார்கள். சந்தைப் பெண்கள் தண்ணீர் அள்ளினார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்தது சாப்பிடவும் தூங்கவும் மட்டும். வருடம் முடிவதற்கு ஐந்து நாள் இருக்க ஓவசியர் முடிவுத் தாளில் கையெழுத்து வைத்தார். அந்த மாரி வெள்ளம் பள்ளத்தால் ஓடிக் கடலுக்குப் போனது. சுவரை அது தொடவில்லை. இன்றுவரை தொட்டதில்லை.

அன்றைய திறப்புவிழாவில் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள், ஒலிபெருக்கிக்காரர் உட்பட. எனக்குச் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். என்னைச் சொன்னால் கல் இடம் மாறிய கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் அதை முதலில் பள்ளத்தில் வைப்பித்தது யார் என்று வரும். சபையின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில்கூடக் கல் முதலிலிருந்தே மேட்டில் இருந்ததாகத்தான் எழுதியிருக்கிறது. அப்புக்காத்தர் கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, "மேசன், இப்ப சொன்னால் தலைவருக்குச் சங்கடம். ஒருநாளைக்கு நீரே எழுதும்" என்றார். நானும் பொறுத்தேன். தலைவர் கெட்டவரல்ல, காணியைப் பட்டினசபையிடம் வாதாடி வாங்கித் தந்தவர் அவர்தான். சென்ற வருடம் அவர் காலமானார். சுடுகாடுவரை பின்னால் போனேன்.

இனி யாருக்கும் சங்கடமில்லை. அப்புக்காத்தரும் அரசியலை விட்டுவிட்டார். ஆகவே மலர்க்குழுவைக் கேட்கிறேன். புதிய பெயர்க்கல்லில் மேல்மாடிக்குப் பணம் தந்தவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், தலைவர் பெயரையும் போடுங்கள், எனக்குச் சந்தோஷம். அவற்றுக்குக் கீழே, இதை வெள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கட்டிய மேசன் இவன் என்று என் பெயரையும், என்னோடு நின்ற குருநகர் மேசன்மார் இருவரின் பெயரையும் வெட்டுங்கள். 'ஒப்பந்தகாரர்' என்று போடவேண்டாம், மேசன் என்றே போடுங்கள். எழுத்துச் சின்னதாக இருக்கலாம், ஆனால் கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இந்தப் பந்தியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் அச்சடிக்கிற எண்ணம் இருந்தால், முழுவதையும் என்னிடம் திருப்பித் தந்துவிடுங்கள்.