குடங்கள் இருந்த படம்

வரலாற்றில் பட்ட மேற்படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் தேடிக்கொண்டிருந்த நாட்களில், சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடிந்து வரும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். எல்லா இணையதளமும் ஒரே மாதிரி இருக்கும். தூண் வைத்த பழைய கட்டடம், வெட்டிய புல், சிரித்துக்கொண்டே நடக்கும் பிள்ளைகள், கீழே ‘பாரம்பரியம்’ என்று பெரிய எழுத்து. பிள்ளைகளை இழுக்கப் போட்ட அந்தப் படங்களைக் கண்டாலே அம்மா மிரள்வாள்.

“இது தொர பங்களா மாதிரில்ல இருக்கு? முன்வாசல் வழியா உன்னைய விடுவாங்களா?”

எங்கள் மலையில் அப்படிப்பட்ட கட்டடம் மேனேஜருக்கு மட்டும்தான். நாங்கள் போனால் பின்கட்டோடு சரி. எனக்கும் அந்தப் படங்கள் மீது எரிச்சல்தான். வரலாறு படிக்க வா என்று கூப்பிடுகிறார்கள். கட்டியவன் பெயரைப் போடுகிறார்கள். கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடைசியில் ஒரு வரலாற்றுத் துறையின் பக்கத்தில், மாணவர்கள் ஆய்வுக்குப் போன இடம் என்று ஒரு படம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயம். எங்களுடையதைப் போலவே ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்.

“இதுவுமா சரித்திரம்?” என்று கேட்டாள் அம்மா.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வாசலில் தண்ணீருக்கு வைத்த குடங்கள், கொடியில் கிழிந்த கம்பளி.

“படம் புடிக்கிறோம்னு எதையும் ஒதுக்கி வைக்கச் சொல்லல பாரு” என்றாள். பல நாளாக இறுகியிருந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது. “அப்ப உன்னையும் அப்படியே சேத்துக்குவாங்க. அங்கயே போ.”