ஊருணிக் கருவையும் எங்கள் சேவை முகாமும்

நான்காவது செமஸ்டர் என்ற ஒன்றை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்களுக்கு மாணவர்கள்மேல் தீராத கோபம் இருந்திருக்க வேண்டும். பொங்கல் கரும்பின் தித்திப்பு நாக்கைவிட்டுப் போவதற்குள் இன்டர்னல் தேர்வு வந்து நிற்கும். அதை எழுதி முடித்த கையோடு துறையின் கருத்தரங்கம். கருத்தரங்கம் என்றால் ஆண்பிள்ளைகள் மேடையில் பேசுவார்கள், பெண்பிள்ளைகள் கோலம் போட்டுக் குத்துவிளக்கைத் துடைப்பார்கள். பிறகு விளையாட்டு விழா, ஆண்டு விழா, செய்முறைத் தேர்வு, முடியவே முடியாத ரெக்கார்டு நோட்டு. நான் படிப்பது தாவரவியல். உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போகிற பேருந்தில், ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடித் திரும்புகிறவர்களின் ஈரத்துணிப் பைகளுக்கு நடுவே நின்றபடிதான் பாதிப் பாடத்தைப் படித்தேன். இத்தனைக்கும் இடையில் சேவை முகாமையும் செருகி வைத்திருந்தார்கள்.

சேவை என்றதும் யாரும் உருகிவிட வேண்டாம். முகாமுக்குப் போனால்தான் பட்டம் வாங்குவதற்கு வேண்டிய ஒரு கிரெடிட் கிடைக்கும். அந்த வாரத்து வகுப்புகளுக்கு வருகைப்பதிவும் கிடைக்கும். எங்களில் பாதிப்பேர் அதற்காக வந்தவர்கள், மீதிப்பேர் ரீல்ஸ் எடுக்க வந்தவர்கள். ஊருக்கு உழைக்க வேண்டும் என்று வந்த ஓர் ஆளைக்கூட நான் பார்க்கவில்லை. முகாம் அலுவலரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் வணிகவியல் துறை ஆசிரியர். முகாமுக்கென்றே வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கி வந்திருந்தார். வெயிலில் மட்டுமல்ல, கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை.

முகாம் நடந்தது எங்கள் மாவட்டத்துச் சிக்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். என் பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அக்காவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியம்மா இறந்துவிட்டதால் தாய்வீடு என்று போய்ப் படுக்க அவளுக்கு இடமில்லை. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள்.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அங்கே டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை ஒன்று உண்டு. அதில் பூட்டும் உண்டு. சாவி தலைமையாசிரியரின் இடுப்பில் இருந்தது. நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார், அதுவரை சுத்தமாக இருக்கட்டும் என்றார். முகாமில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டித் தந்திருந்தார்கள். தண்ணீர் மட்டும் தரவில்லை. குடிக்கிற தண்ணீரையே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய்த்தான் பிடித்து வர வேண்டும். அதைக் கழிப்பறையில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? அதனால் கழிப்பறைக்குள் விறகும் கோழிக்கூடும் இருந்தன. பெண்கள் எல்லோரும் ஊருணிக் கரைக்குப் போனார்கள். எப்போதோ வற்றிப்போன ஊருணி அது. அதைச் சுற்றிலும் சீமைக்கருவை தலைக்குமேல் அடர்ந்து கிடந்தது. விடியும்முன் அந்தக் காடு பெண்களுக்கு என்பது ஊரில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். அந்த வழியாக ஆடு பத்திக்கொண்டு போகிறவர்கூடத் தூரத்திலேயே உரக்க இருமிக்கொண்டுதான் வருவார்.

முதல் நாள் காலையில் அக்காதான் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து எங்களை அழைத்துப்போனாள்.

“வாங்கடி, விடியிறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம். முள்ளு கெடக்கும், பாத்துக் கால வைங்க.”

டவுன் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள். மறுநாள் அக்காவுக்கு முன்னால் அவர்களே எழுந்து நின்றார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு விழிப்புணர்வு ஊர்வலம். திறந்தவெளியில் மலம் கழிக்காதீர்கள் என்று பேனர். அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனது, காலையில் காட்டுக்குப் போய்வந்த அதே பிள்ளைகள். அலுவலர் தொப்பியோடு முழக்கம் எழுப்பினார், நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

“ஏண்டி, காலையில எனக்கு முன்னால ஓடுனவதான பேனரப் பிடிச்சிட்டுப் போறா?”

மற்ற நாட்களின் சேவையும் இதே லட்சணம்தான். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லே இல்லாதவர்களை உட்கார வைத்துப் பல் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தோம். வெடித்துக் கிடந்த தரையில் மரக்கன்று நட்டோம். ஒரு கன்றை ஆறு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். சாயங்காலத்துக்குள் வெள்ளாடுகள் வந்து அந்தச் சேவையை மென்று தின்றுவிட்டுப் போயின. எனக்கு ஆடுகள்மேல் மதிப்பு வந்தது.

இதெல்லாம் யாரையும் கெடுக்காத கூத்து. முகாம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அலுவலருக்கு ஒரு யோசனை வந்தது. ஊருணியில் இருக்கிற கருவை முழுவதையும் வெட்டிச் சுத்தம் செய்து சிறப்பு விருந்தினருக்குக் காட்ட வேண்டும் என்றார். அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன்.

“சார், அது ஊர்ப் பொம்பளைங்க ஒதுங்குற இடம் சார்.”

“அதைத்தானேம்மா ஒழிக்கணும்னு ஊர்வலம் போனோம்?”

“நாங்களும் அங்கதான் சார் போறோம்.”

அவர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். பிறகு சீமைக்கருவை நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்று ஆரம்பித்தார். “நீ தாவரவியல்தானே? உனக்கே தெரியணுமே” என்றார். எனக்குத் தெரியும். அந்தக் காடு போனால் அடுத்த மறைவு கண்மாய்க் கரைதான் என்பதும் தெரியும். அதற்குப் பேருந்துச் சாலையையும் டீக்கடையையும் தாண்டிப் போக வேண்டும். என் அக்காவால் வயிற்றுத் தையலோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றும் சொன்னேன்.

“ரெண்டு நாள்ல பழகிக்குவாங்கம்மா” என்றார்.

அந்த மனிதரை அந்த நொடியில் வெறுத்தேன். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, இன்றைக்கும் வெறுக்கிறேன். ஆனால் அவருக்கு வேண்டியது சுத்தமான ஊருணி இல்லை, சுத்தமான படம்தான் என்று புரிந்தது. கருவையைத் தரையோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும். வேரோடு பிடுங்கினால்தான் போகும். அதனால் குரலைப் பணிவாக்கிக்கொண்டு சொன்னேன்.

“வேரைத் தோண்ட ஆரம்பிச்சா விருந்தினர் வர்றதுக்குள்ள முடியாது சார். தரையோட வெட்டிவிட்டாப் போதும். படத்துல சுத்தமாத் தெரியும்.”

அவர் முகம் மலர்ந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டு, “பார்த்தீங்களா, இதுதான் லீடர்ஷிப்” என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு அருவருப்பாக ஒரு பாராட்டை வாங்கியதில்லை.

பையன்கள் அரிவாளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். முள் குத்தியதும் கையை உதறிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கரிமூட்டம் போடுகிற ஆட்கள் ரம்பத்தோடு வந்து வெட்டி, விறகை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பார்த்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஊருணியின் மறுகரைவரை பளிச்சென்று தெரிந்தது. அலுவலர் கரைமேல் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இருட்டோடு இருட்டாகக் கண்மாய்க் கரைக்குக் கிளம்பியிருக்கிறாள். மெதுவாக நடந்து போய்ச் சேர்வதற்குள் முதல் பேருந்து வந்துவிட்டது, டீக்கடையும் திறந்துவிட்டது. உட்காருவதும், வண்டி வெளிச்சம் பட்டதும் எழுந்து நிற்பதுமாக இருந்திருக்கிறாள். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் தையல் இழுத்திருக்கிறது. முடியாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

“தண்ணி குடிக்கவே பயமா இருக்குடி. பால் குடுக்குறவ தண்ணி குடிக்காம எப்படிடி இருக்குறது?”

கட்டையிலிருந்து தழைத்துவிடும்க்கா, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தை பாலுக்கு அழுதது.

பதினோரு மணிக்கு நிறைவு விழா. ஷாமியானா, சால்வை, ரோஜாப்பூ மாலை எதற்கும் குறைவில்லை. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, இந்தக் கிராமத்துப் பெண்களின் வாழ்க்கையில் நீங்கள் வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். வெளிச்சம்தான் அவர்களுக்குப் பிரச்சினையே. அப்போது பள்ளிக்கூட வாசல் வழியாகப் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வாளி. வரிசையின் முன்னால் என் அக்கா, தோளில் பிள்ளையோடு. மேடைக்கு நேராக வந்து நின்றாள்.

“அய்யா, இருந்த காட்ட வெட்டிப்புட்டீக. நாங்க எங்கன போறது? பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சாவியக் குடுங்க. தண்ணி நாங்களே கொண்டாந்துருக்கோம். போயிட்டுப் போயிர்றோம்.”

மைக் கொர்ரென்று இரைந்தது. அலுவலர் அன்றுதான் தொப்பியைக் கழற்றினார். விருந்தினர் அவர் பக்கம் சாய்ந்து, “என்ன கேக்குறாங்க?” என்றார்.

“தண்ணீர் வசதி கேக்குறாங்க சார்.”

தலைமையாசிரியர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு நடந்த அத்தனை உரைகளுக்கும் நடுவே ஒருத்தி பின் ஒருத்தியாகப் போய்வந்தார்கள். வாளி தரையில் இடிக்கிற சத்தமும், தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் மைக்கில் நன்றாகவே கேட்டன. நன்றியுரை சொன்ன பையன் மூன்று இடத்தில் திக்கினான். அக்கா முதலில் போய்விட்டு வந்து, மரத்தடியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அந்த ஒரு வாரத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

நாங்கள் பேருந்து ஏறியதும் கழிப்பறையை மறுபடி பூட்டிவிட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். பொழுது சாய்ந்து இருட்டட்டும் என்று காத்திருந்து கண்மாய்க் கரைக்குப் போய்வருவதாகவும் சொன்னாள். நான் செய்முறைத் தேர்வுக்கு இலைகளைக் குறுக்குவெட்டாக வெட்டிப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மாடல் தேர்வு வந்தது, ஆண்டு விழா வந்தது, அதிலே எங்கள் முகாமுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கல்லூரி மலரில், வெட்டி முடித்த ஊருணியின் படம் வண்ணத்தில் வந்தது. நிறைவு விழாவில் ஊர்ப் பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர் என்று கீழே எழுதியிருந்தார்கள். சான்றிதழை நீட்டும்போது அலுவலர் உற்சாகமாகச் சொன்னார்: “அடுத்த வருஷமும் அதே ஊர்தாம்மா. ஜேசிபி ஏற்பாடு பண்ணிட்டேன். வேரோட எடுத்துருவோம்.”

செமஸ்டர் முடிந்ததும் முதல் வேலையாக அக்காவைப் பார்க்கப் போனேன். கோடை மழை ஒன்று பெய்திருந்தது. ஊருணிக் கரைக்கு என்னைக் கூட்டிப்போனாள். இப்போது சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். வெட்டிய ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்துக் கொத்தாகப் பச்சை கிளம்பி இடுப்பளவுக்கு நின்றது.

“நீ சொன்ன மாதிரியே தழைஞ்சிருச்சுடி. ஒக்காந்தா மறைக்குது. எந்திரிக்கையிலதான் சுத்தியும் பாக்க வேண்டியிருக்கு. இன்னொரு மழ பெஞ்சா அதுவும் சரியாப் போயிரும்.”

கிளம்பும்போது பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். பேருந்து தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

“அடுத்த வருசமும் இங்கனதான் வாரீகளா?”

இல்லைக்கா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். கல்லூரி திறந்ததும் நேராக அலுவலரிடம் போனேன். நிலத்தடி நீர், தையல், தாய்ப்பால் எதையும் பேசவில்லை. பேசி என்ன பயன்? “சார், அடுத்த தடவையும் விருந்தினர் முன்னாடி வாளியோட வந்து நின்னாங்கன்னா என்ன சார் பண்றது?” என்று மட்டும் கேட்டேன். அவர் கை தானாகவே தலைக்குப் போய், அங்கே இல்லாத தொப்பியைத் தேடியது. அதே வாரத்தில் ஊரை மாற்றிவிட்டார். உத்தரகோசமங்கை தாண்டி வேறொரு கிராமம். தானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“அங்க ஊருணி பூராவும் கருவைதாம்மா, என்னா அடர்த்தி! நமக்கு நல்ல வேலை இருக்கு” என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

அந்த ஊரில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.