பச்சை ஏரியும் ராஜாராமின் அழுகைக் குரலும்

ஆட்டோவில் மைக் கட்டி, செஞ்சியைச் சுற்றி ஊரூராய் அறிவிப்புச் சொல்லும் சிங்கவரத்து ராஜாராமுக்கு இருந்தது ஒரே குரல்தான். அது அழுகைக் குரல். ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்றாலும் தொண்டை அடைக்கும். மேல்மலையனூர் அமாவாசைக்குச் சிறப்பு பஸ் விட்டதை அவர் சொன்ன விதத்தில், பஸ் கவிழ்ந்துவிட்டதென்று மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். இருபது வருடங்களாகச் சோறு போட்ட அந்தக் குரலே, பாவம், ஒரு நாள் அவரைக் கைவிட்டது.

அந்தப் பங்குனியில் ஊர் ஏரி, பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோல் ஆனது. கரையோரம் திரண்டு கிடந்த பாசி, சாக்கடையும் அழுகிய முட்டைக்கோசும் கல்யாணம் பண்ணிக்கொண்டதுபோல் நாறியது. அது விஷப்பாசி, குடித்தால் மாடு செத்துவிடும், காய்ச்சினாலும் விஷம் போகாது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு ராஜாராம் தெருவில் இறங்கினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! நம்மை வாழவைத்த ஏரி... இன்று..."

அதற்குமேல் முடியவில்லை. விம்மல் நாலு தெருவுக்குக் கேட்டது. கால் மணி நேரத்தில் பக்கத்துத் தெரு செல்லப்பன் ரோஜா மாலையோடு ஓடிவந்தார்.

"யாருப்பா பூட்டாங்க?"

"யாரும் பூடலண்ணே. ஏரித் தண்ணி விஷமாயிடுச்சு."

"அட போய்யா! சேலைக்கு ஜாக்கெட் துணி இலவசம்னும் இப்படித்தான் அழுத." வாங்கிய மாலையை வீணாக்க மனமில்லாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனார்.

அப்போதுதான் ராஜாராம் அதைப் பார்த்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு, எருமை செல்லியை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் செல்லிதான் மகள்!

ஆட்டோவை விரட்டிப்போய் மைக்கில் கதறினார். "நிறுத்து சின்னப்பொண்ணு! அது மரண ஏரி!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையில சட்னிக்கு உப்பு பத்தலன்னும் இதே கதறல்தான. செல்லிக்குத் தாகமா இருக்குதுய்யா."

எருமையின் மூக்குக்கும் பச்சைத் தண்ணீருக்கும் இடையே நாலடி. உண்மையான துக்கம் வந்ததும் ராஜாராமின் குரல் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். வாயைத் திறந்தால் காற்றுபோல் மெல்லிய குரல்தான் வந்தது.

"வாணாம்மே. செல்லி செத்துடும்."

சின்னப்பொண்ணு சட்டென்று திரும்பினாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் கேட்காத குரல்!

"ஐயோ, மெதுவா பேசறியே! அப்போ நெஜமாவா?"

இருவரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் செல்லி பின்வாங்க, ராஜாராம் சேற்றில் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணு கரைமேல் ஏறி ஊருக்கே கூவினாள்.

"மாட்டையெல்லாம் ஓட்டிக்கினு போங்க! எங்க ஆளு மெதுவா பேசறாரு!"

"இன்னாது? ராஜாராம் மெதுவா பேசறானா!" கழுத்து மாலை ஆட, செல்லப்பன் தன் பசுக்களை இழுத்துக்கொண்டு ஓடினார். சாயங்காலத்துக்குள் ஏரிப்பக்கம் ஒரு ஆடுகூட இல்லை.

வீட்டில் செல்லி போர்வெல் தண்ணீரைத் தொட்டியோடு உறிஞ்சித் தீர்த்தது.

"சோறு போடுமே..." என்று ராஜாராம் தொண்டை அடைக்க விம்மினார்.

அதைக் கேட்ட பிறகுதான் சின்னப்பொண்ணுக்கு உயிரே வந்தது.